அம்மா திரும்பி நடந்த இரண்டு மைல்

உங்களுக்கு விசுவாசம் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், பதினோரு வயதில் வாஞ்சூர் சுங்கச் சாவடியில் வந்தது என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிறந்த எட்டாம் நாள் எனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஒன்பது வயதில் கோவிலில் முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மையும் ஆயிற்று. ஞானோபதேசக் கேள்வி பதில் முழுக்க மனப்பாடம். பொய்ச்சத்தியம் எத்தனையாவது கட்டளைக்கு விரோதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அதெல்லாம் வாயோடு இருந்தது. உள்ளே இறங்கியது அந்தச் சாவடியில்தான்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் இந்தியா. அங்கே சாலையை மறித்து ஒரு மரத்தடுப்பு, பக்கத்தில் ஒரு கொட்டகை, அதில் சுங்கக்காரர்கள். கப்பலில் வந்த வெளிநாட்டுச் சாமான் எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். அதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் சுங்கம் கட்ட வேண்டும். கட்டியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. கொசுவத்துக்குள் செண்டுப் புட்டி போகும், கத்தரிக்காய்க் கூடைக்கு அடியில் சீட்டுக்கட்டு போகும். இதை எங்கள் ஊரில் யாரும் பாவமென்று நினைத்ததில்லை, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதுமில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் அதற்குப் பெயர்.

அப்பாவுக்கு ரொட்டி அடுப்பில் வேலை. மாலையில் மாவு பிசையப் போவதற்கு முன்னால் எங்களையெல்லாம் முழங்காலில் நிறுத்தி, செபமாலையை உருட்டி ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்ல வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். பாதி செபத்தில் எனக்குத் தூக்கம் வரும். அத்தை என்னைக் கிள்ளுவாள். அத்தை, அப்பாவின் அக்கா. எங்களோடேயே இருந்தாள். அவளுக்கு மூளை தேவைக்குக் கொஞ்சம் அதிகம்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு டைபாய்டு வந்து, பிழைக்க மாட்டேன் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு காரைக்காலிலிருந்து நடந்தே வருவதாக. நான் பிழைத்தேன். நடக்க வேண்டிய ஆவணி மாதம் வந்தபோது வீட்டில் இன்னொரு காரியமும் கூடியிருந்தது. பதினெட்டு வயது அக்காவுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நகை பற்றி வாயே திறக்கவில்லை. தன் மகனுக்கு ஒரு வெளிநாட்டு வாட்ச் மட்டும் கேட்டார். அப்பா வாங்கிவிட்டார். அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாவை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். அவருடைய தம்பி சைகோனிலிருந்து வந்தபோது கொண்டுவந்த வாட்ச் அது.

வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைச் சாவடியில் சோதிப்பதில்லை என்பது அத்தையின் கண்டுபிடிப்பு. போகிற வழியில் நாகப்பட்டினத்தில் சம்பந்தி வீட்டில்தான் மதியச் சாப்பாடு. அன்றைக்கே வாட்சைக் கொடுத்துவிடுவதாக அவள் சொல்லியும் அனுப்பிவிட்டாள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நேர்ச்சையையும் வாட்சையும் ஒரே நடையில் சேர்க்க வேண்டாம், பிறகு அப்பா சுங்கம் கட்டிக் கொண்டுபோகட்டும் என்றாள். அத்தை சரியென்று தலையாட்டினாள். அத்தை தலையாட்டினாலே அம்மா சுதாரித்திருக்க வேண்டும்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, சட்டையின் பஃப் கைக்குள்ளே முழங்கைக்கு மேல் வாட்சை வைத்து ஒரு கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள். "அக்கா கல்யாணமே ஒன் கையிலதான்டி இருக்கு," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. ராத்தா வாசலுக்கு வந்து, தன் பேரைச் சொல்லி ஏற்றச் சொல்லி ஒரு மெழுகுதிரி கொடுத்தார். அம்மா, அத்தை, அக்கா, நான் நாலு பேரும் செபம் சொல்லிக்கொண்டே நடந்தோம். ஒவ்வொரு அருள்நிறை செபத்துக்கும் என் கையில் டிக் டிக் என்றது.

சாவடிக்குப் போனபோது நல்ல வெயில். எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டியின் வைக்கோலைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு சுங்கக்காரர் எங்கள் மெழுகுதிரிகளைப் பார்த்தார். அம்மாவிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். மெழுகுதிரியும் கட்டுச்சோறும் என்றாள் அம்மா.

"வேற ஒண்ணும் இல்லையே? உங்கள நம்பி விடறேம்மா."

"மாதா மேல ஆணையா ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அம்மா.

எங்கள் அம்மா அதற்கு முன் ஆணையிட்டு நான் கேட்டதில்லை. தனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததால் சொன்னாள். அவர் தடுப்பைத் தூக்கினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தன் மகளுக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது, அவளுக்காகவும் ஒரு திரி ஏற்ற முடியுமா என்று கேட்டார். கட்டாயம் ஏற்றுகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்தாள்.

இரண்டு மைல் போயிருப்போம். நாகூர் தர்கா மனோரா பெரிதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கட்டு இறுகி என் கை மரத்துப்போயிருந்தது, அதைவிடப் பெருமை தாங்க முடியவில்லை. சட்டைக் கையை மேலே தூக்கி அம்மாவிடம் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. அத்தையைப் பார்த்தாள். அத்தைக்கோ வெற்றிச் சிரிப்பு. மாதாவே அந்த ஆளின் கண்ணைக் கட்டிவிட்டார்கள் பார் என்றாள்.

அம்மா கைக்குட்டையை அவிழ்த்து வாட்சை எடுத்தாள். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். அத்தை பிடித்துக்கொண்டாள். பைத்தியமா, வாட்ச் போனால் கல்யாணமும் போகும், தெரியாமல் சொன்ன சத்தியம் பாவத்தில் சேராது, சுவாமியாரைக் கேட்டுப் பார் என்று ஒரே மூச்சாகச் சொன்னாள். அத்தை சொன்னது தப்பில்லை. ஞானோபதேசத்திலும் அப்படித்தான் இருந்தது. அம்மா அக்காவிடம் திரும்பி, "ஒன் கல்யாணம். நீ சொல்லு," என்றாள்.

அக்கா அதிகம் பேசாத பெண். காலால் மண்ணைக் கிளறினாள். அவளுக்கு அந்த வாத்தியாரைப் பிடித்திருந்தது, அது எனக்குத் தெரியும்.

"அந்த வாட்ச அவங்க கையில பாக்குறப்பல்லாம் நீ போட்ட சத்தியந்தாம்மா ஞாபகம் வரும். குடுத்துட்டு வா," என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அத்தையும் அக்காவும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். நான் சும்மா நடக்கவில்லை. கத்தி அழுதேன், கல்லை எட்டி உதைத்தேன், நீதான் அக்கா கல்யாணத்தைக் கெடுக்கிறாய் என்று சண்டை போட்டேன். வேறு நாளாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பாள். அன்றைக்கு, "ஒன் உசுருக்காக நேந்துக்கிட்டதுடி இது. அத நான் பொய்யோட கொண்டுபோயி முடிக்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

சுங்கக்காரருக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. அம்மா வாட்சை மேசையில் வைத்து, தான் சொன்ன சத்தியம் பொய்யாகப் போய்விட்டது என்றாள். அத்தையைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னையும்தான். வாட்ச் எங்களோடுதான் வந்தது, அது தனக்குத் தெரியாமல் போனது தன் பிழை என்றாள். கொட்டகையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். சட்டப்படி இதைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டும், திருப்பித் தர வழியில்லை என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா.

"பேசாமப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா. எதுக்கு வந்தீங்க?"

"உங்க புள்ளைக்குத் திரி ஏத்துறேன்னு சொல்லிட்டேன். இத வச்சிக்கிட்டு எப்படிங்க ஏத்துறது?"

வாட்சை எடுத்துக்கொண்டதற்கு அவர் ஒரு சீட்டு எழுதினார். அதுவரை உட்கார்ந்தே இருந்தவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை நீட்டினார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். காலெல்லாம் புழுதி, நனைந்த ரவிக்கை, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் அம்மாவுக்கு முன்னால் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் எழுந்து நின்றார். என் அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. இவள் என் அம்மா என்று அங்கிருந்த மாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கடவுள் இருக்கிறார் என்பதை நான் அந்த நிமிடத்திலிருந்து சந்தேகித்ததில்லை. திரும்பி நடந்த இரண்டு மைலும் அம்மாவைவிட உரக்க நான்தான் செபம் சொன்னேன்.

சம்பந்தி வீட்டில் இலை போட்டிருந்தார்கள். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொல்லி, சீட்டை மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. யோசித்துச் சொல்கிறோம் என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குக்கூடத் தெரியும். அக்கா தூண் மறைவில் நின்று விரலை முறுக்கிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வாத்தியார் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எனக்கு வாட்ச் வேணாம்மா. இவங்க வீட்டுல பொண்ணு எடுத்தாப் போதும்," என்று தன் அம்மாவிடம் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துச் சாப்பாடு ஆறுகிறது, உட்காருங்கள் என்றார். அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பங்கு வடையையும் நான் சாப்பிட்டேன்.

வேளாங்கண்ணியில் மூன்று திரி ஏற்றினோம். எனக்கு ஒன்று, ராத்தாவுக்கு ஒன்று, வாஞ்சூர்ப் பிள்ளைக்கு ஒன்று. பாவசங்கீர்த்தன வரிசையில் அத்தை எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள், வெளியே வர நெடுநேரம் ஆனது. வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த இரண்டு மைலை மூன்று தடவை நடந்தாயே, கால் என்ன ஆயிற்று என்று அம்மாவிடம் கேட்டார். வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுப்பு வெக்கையில் வெந்து அதை வாங்கியவர் அவர். அவரையும் சேர்த்துத்தான் எனக்குப் பெருமை.

அந்தச் சிறுமிக்குக் குணமானதா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டு மாலைச் செபத்தில் வாஞ்சூர்ப் பிள்ளைக்காக ஓர் அருள்நிறை சேர்ந்துகொண்டது. காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்து, சாவடி போய், கொட்டகை இருந்த இடம் தெரியாமல் போன பிறகும் அதை நாங்கள் விடவில்லை.

அக்காவைக் கட்டிய அந்த வாத்தியார், எங்கள் அத்தான், அதற்குப் பிறகு வாட்சே கட்டவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட மணியையும் கோவில் மணியையும் வைத்தே ஓட்டினார். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் அவருக்கு மாலை போட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்சைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு, நேரே காரைக்காலுக்கு அம்மாவிடம் வந்தார். கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அம்மாவுக்கு அப்போது கண் பார்வை மங்கியிருந்தது. வாட்சைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள், காதில் வைத்துக் கேட்டாள்.

"சுங்கம் கட்டுனதா தம்பி?" என்றாள்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து கடை ரசீதை எடுத்து அவள் கையில் வைத்தார். அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கையை இழுத்துத் தானே கட்டிவிட்டாள்.