அடுப்படி சுவிட்சும் ஆயுத பூஜையும்

போன வாரம் ஆயுத பூஜை அன்று எங்கள் அடுப்படிக்கு சாமி வந்தது. நான் சொல்லவில்லை, என் மாமியார் சொன்னார்.

நம்ப முடிகிறதா? நான் நம்பினேன். நம்பிக் கையையும் நீட்டினேன். நீட்டிய கை பத்திரமாகத் திரும்பியதால்தான் இந்த வாரமும் உங்களோடு பேச முடிகிறது.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுப் பூஜை என்றால் காலையிலேயே வீடு முழுக்கக் கழுவி விடுவோம். பிறகு அரிவாள், மண்வெட்டி, என் வீட்டுக்காரரின் ஸ்பானர், பிளையர், டெஸ்டர், என் பேனா... எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிடும். மறுநாள் வரை எதையும் எடுக்கக்கூடாது. பேனாவுக்கும் லீவு என்பதால் எனக்கு அந்த நாள் ரொம்பப் பிடிக்கும்.

தூக்கி வர முடியாத சாமான்களுக்கு அத்தையே நேரில் போய்ச் சந்தனம், குங்குமம் வைப்பார். பம்புசெட், ரேடியோ, சுவிட்ச் போர்டு – ஒன்றும் தப்பாது. அடுப்படிக்கு வந்தவர், கவனமாக சுவிட்சை அணைத்தார். மர முக்காலியில் ஏறினார். புகை படிந்த பல்பைக் கழற்றித் துடைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். தொங்கிக்கொண்டிருந்த ஹோல்டரின் வாய்க்குள் ஈரச் சந்தனத்தோடு விரலை வைத்தார்.

வெடுக்கென்று கையை இழுத்தவர் பயப்படவில்லை. கண் கலங்கி என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, இங்கன வா. விரல்ல சுருக்குன்னு இறங்குச்சு. வெளக்கை அமத்தின பெறகும் அம்மன் உள்ள இருக்கா பாரு. நீயும் தொட்டுக் கும்பிட்டுக்க."

சுவிட்ச் அணைந்திருக்கிறது. பல்பே என் கையில் இருக்கிறது. அப்புறம் கரண்ட் எங்கிருந்து வரும்? எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

எனக்கு முக்காலி தேவையில்லை. பெண் பார்க்க வந்தவர்களே கொஞ்சம் யோசித்த உயரம். ஈரம் காயாத சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு நின்று கையைத் தூக்கினேன்.

"கையைக் கீழ போடு."

நிலைப்படியில் என் வீட்டுக்காரர். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த விளக்குக்குப் போன மாதம் வயரிங் செய்தவர் அவர்தான். பம்புசெட் ரூமில் மிஞ்சிய வயரை வைத்து இழுத்தார். பல்பு எரிந்தது. எரிந்தால் சரிதானே? நாங்களும் பாராட்டிக் காபி கொடுத்தோம்.

அவர் நேராகச் சாமி படத்திடம் போய் டெஸ்டரை எடுக்கக் குனிந்தார். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"வச்சதை எடுக்கப்படாதுலே. நாளைக்கு எடு."

"நாளைக்கு வரைக்கும் இவ உசுரோட இருக்கணும்லம்மா."

அத்தை என்னைப் பார்த்தார். தானே டெஸ்டரை எடுத்து, குங்குமத்தை முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். மகன் ரப்பர் செருப்போடு அடுப்படிக்குள் வந்து முக்காலியில் ஏறியதற்கும், பூஜை நாளாக இருந்தும், ஒன்றும் சொல்லவில்லை.

டெஸ்டரை ஹோல்டருக்குள் வைத்தார். அதன் கைப்பிடிக்குள் சிவப்பாக ஒரு சின்ன வெளிச்சம். அணைந்த விளக்கு... உள்ளே உயிரோடு இருந்தது. நாங்கள் தினமும் தலைக்கு மேலே தொங்கவிட்டு, அதன் கீழே நின்று ரசம் தாளித்திருக்கிறோம். எவ்வளவு பெரிய ஒன்று, எவ்வளவு அமைதியாக எங்கள் வீட்டில் குடியிருந்திருக்கிறது!

"கரண்டு வர்ற வயரு ஒண்ணு, திரும்பிப் போற வயரு ஒண்ணு. வர்றதுலதான் சுவிட்சை வைக்கணும். நான் பாக்காம போறதுல வச்சுட்டேன். பல்பு எரியும், அணையும், எல்லாம் நடக்கும். ஆனா வந்த கரண்டு ஹோல்டர்லயே நிக்கும்" என்றார். அத்தை தப்பித்தது காய்ந்த மரத்தின் மேல் நின்றதால். பிறகு நான் நின்ற ஈரத் தரையை ஒரு தடவை பார்த்தார்.

மெயினை அணைத்தார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதே என்று. வயர்களை மாற்றிப் பூட்டினார். பியூஸை மாட்டி, மெயினைப் போட்டு, சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு டெஸ்டரை வைத்தார். இப்போது வெளிச்சம் இல்லை. சுவிட்சைப் போட்டார். வந்தது.

பெருமூச்சோடு கீழே இறங்கியவர் அம்மாவின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனி சாமின்னு தொட்றாதம்மா. அது சாமி இல்ல, கரண்டு."

அத்தை கையை இழுத்துக்கொண்டார்.

"யாருலே சாமி இல்லைன்னது? வாசக்கதவைக் கொல்லையில கொண்டுபோயி வச்சுட்டு, வந்தவளைக் குத்தம் சொல்லாத."

என் வீட்டுக்காரர் அடுப்படியை விட்டு வெளியே போகும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மெயின் சுவிட்சை ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டுப் போனார்.