கார்த்திகையில் போகும் பள்ளத்தாக்கு

பதுளையில் நான் வேன் ஓட்டுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைத் தெமோதரை ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கமெல்லாம் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவது தொழில். புறப்படுவதற்கு முன்னால் எல்லோரும் போனில் ஒன்றைத்தான் கேட்பார்கள். எந்த மாதம் வந்தால் நல்லது?

தை பாதிக்கு மேல் வாருங்கள், பங்குனி வரைக்கும் மலை தெளிவாக இருக்கும் என்பேன். சித்திரையில் பின்னேரம் இடியும் மழையுமாக வரும், காலையிலேயே சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று. மழை இருக்காது, ஆனால் தலையில் தொப்பி நிற்காது. ஐப்பசி பிறந்துவிட்டால் யோசித்து வாருங்கள். கார்த்திகையில் வரவே வேண்டாம்.

அப்படிச் சொல்லிவிட்டு, கார்த்திகை தோறும் நான் என் மனைவியை ஏற்றிக்கொண்டு பசறையைத் தாண்டி மேலே ஒரு பள்ளத்தாக்குக்குப் போவேன்.

மூன்று பக்கமும் மலை, நடுவில் ஓடை. அங்கே இருந்த தேயிலைத் தோட்டத்து டிவிசனில் அவள் பிறந்த லயம், காம்பரா காம்பராவாக ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை, ஒரு கார்த்திகை மாதம் மண்ணுக்குள் போனது. அவளுடைய அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் அதோடு போனார்கள். அவள் அப்போது கட்டுநாயக்கவில் கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். நாங்கள் கல்யாணம் கட்டியது அதற்குப் பிறகுதான். அதற்கு முன் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. மிஞ்சிய சனங்களுக்குக் கீழே டவுனுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மேலே யாரும் இல்லை.

என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

“சத்தம் கேட்டுச்சாம். அதுக்குள்ள முடிஞ்சிருச்சாம். ஓட நேரமும் இல்ல, ஓட இடமும் இல்ல” என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திகை தேய்பிறையில் திதி. போகிற நேரமெல்லாம் மழைதான். மழை விட்டால் பனி மூடிவிடும். வேனைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு ஏறுவோம். முன்னால் போகிற அவளுடைய குடை தெரியும், குடைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. மண் இறங்கிய இடத்தின் ஓரத்தில் ஒரு கல் கிடக்கும். அதில் இலை போட்டு, சோறு வைத்து, நான் குடை பிடிக்க அவள் கற்பூரம் கொளுத்துவாள். பற்றிய கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். கும்பிட்டுவிட்டு உடனே இறங்கிவிடுவோம். ஒரு வருஷம், “இங்க மாரியம்மன் கோயில் இருக்குன்னாங்களே, அங்கயும் ஒரு எட்டு போயிட்டு வருவமா?” என்று கேட்டேன்.

“இந்த மழையில வேணாங்க. அது ரொம்பத் தூரம்.”

பனியைப் பார்த்தேன். தூரமாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது.

போன வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தது. அந்தப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை சிவப்பாகிவிட்டது. போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடியற்காலையிலேயே சமைத்துத் தூக்குச்சட்டியில் கட்டி வைத்திருந்தாள். கிளம்பினோம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் மேட்டுப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து ரோட்டில் விழுந்தது. பெரிய சத்தமில்லை. மாவு மூட்டை சாய்கிற மாதிரி ஒரு பொத்தென்ற ஓசை, பின்னாலேயே ஒரு சவுக்கு மரம் நின்றபடியே வழுக்கி வந்தது. நான் வேனைப் பின்னால் எடுத்தேன். அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

“நடந்து போயிட்டு வந்துர்றேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? வீட்ல புள்ள இருக்கு!”

“அவங்களுக்கு வேற யாரு இருக்கா?”

கையைப் பிடித்து இழுத்துத்தான் ஏற்றினேன். நான் அவள் மேல் கை வைத்து இழுத்தது அன்றைக்கு மட்டும்தான். பசறைக்கு இந்தப் பக்கம் ஒரு கடை ஓரத்தில், நனைந்த ரோட்டில் இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். ஒரு நாய் வந்து நின்றது. அவள் விரட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் எங்கள் தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டேன். “ஆடி அமாவாசை எல்லாருக்கும் பொது. திதியை வீட்ல குடுங்க, மேல போறத ஆடில வச்சுக்கங்க, தப்பில்ல” என்றார். பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். வெயில் காலம், ரோட்டுக்குப் பயமில்லை, மகளையும் கூட்டிப் போகலாம், அவளும் தாத்தா பாட்டி இருந்த இடத்தைப் பார்க்கட்டும் என்றேன்.

“ஆடியில காத்து அடிக்கும். கற்பூரம் நிக்காது” என்றாள் மனைவி.

“மழையில மட்டும் நின்னுச்சா?”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி அமாவாசையன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வேன் மேலே வரைக்கும் ஏறியது. கடைசி வளைவில் வெளியூர் ஆட்கள் ரெண்டு மூன்று பேர் வண்டியை நிறுத்திவிட்டுப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகான இடம்தான். அத்தனை வருஷம் வந்தும் எனக்கு அது தெரியாது. காட்டுத்தனமாக வளர்ந்த தேயிலை, ஓடை, எதிரே மலை, மலையின் நெஞ்சில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பச்சைத் தழும்பு. மண் சரிந்த அந்த இடத்தில்தான் மற்ற இடத்தைவிட மானாப் புல் செழிப்பாக இருந்தது.

கல்லைக் கண்டுபிடித்து இலை போட்டோம். காற்றில் இலை பறக்காமலிருக்க நான் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டேன். ஏழு வயது மகளுக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. “அப்பா, அந்தா கோயில்!” என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

நிமிர்ந்து பார்த்தேன். புல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு. மேட்டில் கோயில், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், தகரக்கூரை. நான் “விழுந்துறாத!” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பிள்ளை அங்கே போய்விட்டாள். மணியை எட்டிப் பிடித்து அடித்தாள். பக்கத்து வீட்டில் அடித்தது போல் கேட்டது. அங்கிருந்தே, “அம்மா, இங்க வா!” என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது.

லயம் இருந்த இடத்தைப் பார்த்தேன். மேட்டைப் பார்த்தேன். மண் அந்த மேட்டைத் தொடவே இல்லை. பிறகு மனைவியைப் பார்த்தேன். அவள் கல்லுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தாள்.

“தூரம்னு சொன்னியே” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

“நீங்க இப்படிப் பாப்பீங்கன்னுதான் சொன்னேன்.”

காற்று இலையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் அதை எடுக்கப் போகவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னைக்கு விடியக் காலையிலேயே செவுத்துல வெடிப்பு விட்டுருச்சு. லயத்துச் சனம் அம்புட்டும் கோயிலுக்குத்தான் ஓடுச்சு. அப்பா வாதம் வந்து படுத்த படுக்கை. அப்பாவ விட்டுட்டு அம்மா வரல. தம்பி பக்கத்துக் காம்பராக்காரங்க பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு கோயில்ல கொண்டுபோய் விட்டானாம். அங்கயே நின்னிருக்கலாம். அப்பாவத் தூக்கிட்டு வாறேன்னு திரும்பி எறங்குனானாம். எல்லாரும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

“இத ஏன் எங்கிட்ட...”

“செத்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் என்ன கேட்டாங்க தெரியுமா? முன்னாலயே அதிகாரிங்க எடத்த விட்டுப் போகச் சொன்னாங்களாமே, ஏன் போகல? இவ்ளோ கிட்டக்க கோயில் இருக்கே, ஏன் ஓடல? போகச் சொன்னவங்க எங்க போறதுன்னு சொன்னாங்களா? நடக்க முடியாத மனுசன எதுல கொண்டுபோறதுன்னு சொன்னாங்களா? ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. ஓட இடமில்லன்னு சொன்னா யாரும் மேல கேக்கமாட்டாங்க. பனிக்குள்ள வந்தா எனக்கே அப்படித்தான் இருக்கும். இடமே இல்லாத மாதிரி.”

ஓடியிருக்கலாமே என்று நானும் ஒரு கணம் நினைத்திருந்தேன். மணிச்சத்தம் கேட்டவுடன் எனக்கு வந்த முதல் நினைப்பு அதுதான். அவள் அதைக் கண்டுகொண்டாள் என்பதும் தெரியும்.

மகள் திரும்பி ஓடிவந்து அம்மா மடியில் விழுந்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. “ஏம்மா அழுவுற?” என்று கேட்டாள். “காத்துல தூசி” என்றாள் இவள். வளைவில் நின்றவர்களில் ஒருவர் இறங்கி வந்து, ஒரு படம் எடுத்துத் தரமுடியுமா என்று போனை என்னிடம் நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். மலைத்தழும்பு பின்னால் வரும்படி நிற்கவேண்டாம், இந்தப் பக்கம் நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை.

அந்த வருஷக் கார்த்திகையில் வந்த புயல் மழை ஊவா மாகாணத்தையே புரட்டிப்போட்டது. பள்ளத்தாக்குக்குப் போகிற ரோடு மூன்று இடத்தில் அறுந்தது. எங்கெங்கோ லயங்கள் போயின. ஸ்கூல்களில் சனம் படுத்துக் கிடந்தது. நான் வேனில் பாய், பால்மா, தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டு திரிந்தேன். ஒரு ஸ்கூலில் ஒரு வாலிபன், கட்டிலோடு தன் அம்மாவைத் தூக்கிவந்ததாகச் சொன்னார்கள். அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. சொல்லலாமா கூடாதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

திதி அன்று மழை ஓயவே இல்லை. மேலே போவதைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. காலையிலேயே குளித்துச் சமைத்து, சாமி படத்துக்குக் கீழே மூன்று இலை போட்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு எந்த இலை என்று கேட்டாள். வழக்கமாக மனைவியின் அப்பாவுக்குத்தான் முதலில் பரிமாற வேண்டும். அவள் சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு கடைசி இலைக்குப் போனாள்.

“இது மாமாவுக்கு” என்றாள் மகளிடம். “ஓடிக் களைச்சு வந்திருப்பான். அவன் மொதல்ல சாப்பிடட்டும்.”