ஏற்றத்தில் எடுத்த தண்ணீர்

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐஸ்பெட்டி என்றால்தான் தெரியும். மலையடி ஓடைகளில் தொடங்கி, ஆறுகள் கடலில் சேரும் கழிமுகங்கள் வரை முப்பத்திரண்டு இடங்களில் தண்ணீர் எடுத்து, பனிக்கட்டிக்குள் அடுக்கி, ஆறு மணி நேரத்துக்குள் என் மேசையில் வைத்துவிடுவார். பத்தொன்பது வருடமாக இதே வேலை. ஒரே வாய்க்காலில் நாலு பாட்டிலை நிரப்பி நாலு இடத்துச் சீட்டு ஒட்டும் கில்லாடிகளையும் நான் பார்த்திருக்கிறேன். இவர் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் எடுப்பார்.

கழிமுகத்தில் கடல் வற்றும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். அப்போதுதான் ஊர்ச் சாக்கடை எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். கடல் ஏறும் நேரத்தில், அதாவது ஏற்றத்தில் எடுத்தால், கடல்நீர் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் சுத்தமாகக் காட்டிவிடும்.

இருபத்தேழாவது இடம், அவருடைய அக்காவின் சிப்பிப் பண்ணை. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். மேலே புதுச் சாக்கடைக் குழாய் ஒன்றை ஆற்றில் திறந்துவிட்டதிலிருந்து அவள் கணவருக்குச் சந்தேகம். நாலு மாதமாகத் தன் சிப்பியைத் தானே வாயில் வைக்கவில்லை. சோதனையில் தோற்றால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

“ஏத்தம் வந்தப்புறம் எடுத்துக்கயேன்டா,” என்றாள் அக்கா, தண்ணீர் எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கேட்டது தப்பு, கோபித்துக்கொண்டான் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் வந்த பாட்டிலில் உப்பு வழக்கத்தைவிட அதிகம். பார்த்தேன். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஐஸ்பெட்டி ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு போயிற்று.

முடிவு கிடைத்த அன்றைக்கே அக்காவின் கணவர் சிப்பியை உடைத்துப் பச்சையாகச் சாப்பிட்டார். ஏற்கெனவே ஈரல் கெட்ட உடம்பு. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

செய்தி கேட்டு நானும் மருத்துவமனைக்கு ஓடினேன். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“தண்ணிதான் நல்லாருந்துச்சே! வேற என்னமோ ஆயிருக்கு. என் மச்சானே எடுத்துக் குடுத்த தண்ணி, இனி என்ன பயம்னு சொல்லித்தானேடா சாப்பிட்டாரு.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“ஏத்தத்துலதான்க்கா எடுத்தேன்,” என்றார். “நீ கேட்டு நான் எதை இல்லைன்னேன்?”

அவள் கையை விட்டாள்.

“கேட்டேன்தான். நீ செய்யமாட்டேன்னு நெனச்சேன். செஞ்சுட்டேன்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரைத் திங்க விட்டிருப்பேனாடா?”