ஞாயிற்றுக்கிழமை நூடில்ஸ்

சுவரில் எறிந்த நூடில்ஸ் உடனே கீழே விழாது. முதலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எண்ணெயும் கறுப்புச் சாறும் வழிய, ஒவ்வொரு இழையாக, அவசரமில்லாமல் இறங்கும். கோழித்துண்டுகள்தான் முதலில் விழும். எங்கள் கொக்குவில் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. பீங்கான் உடைந்த சத்தம் அடங்கிய பிறகு வீட்டில் எல்லோரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்போம். அடுத்தது அடியா இல்லையா என்பது அந்த இழைகள் இறங்கி முடிவதற்குள் தெரிந்துவிடும். எறிந்தவர் என் அண்ணை. சமைத்தவள் அவருடைய மனைவி, என் மச்சாள். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. வளர்ப்பு அப்படி.

இப்போது யாழ்ப்பாண நகரில் சைனீஸ் சாப்பாட்டுக் கடைகள் வந்துவிட்டன. நான் படிப்பித்த பிள்ளைகள் பெரியவர்களாகி, பெட்டியில் கட்டி வாங்கிய நூடில்ஸை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். "ரீச்சர், வாங்கித் தரட்டோ?" என்று கேட்பார்கள். நல்ல பிள்ளைகள். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்த மணம் காற்றில் வந்தாலே என் தோள்கள் தாமாக ஒடுங்கிக்கொள்ளும். ஒரு சாப்பாட்டைப் பார்த்து இந்த வயதிலும் பயப்படுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், பிறகு மிச்சத்தையும் கேளுங்கள்.

எண்பத்துமூன்றுக்கு முன்னர் அண்ணையும் மச்சாளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் இருந்தார்கள். அண்ணைக்கு ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. தெருமுனையில் ஒரு சைனீஸ் கடை. சம்பளம் வந்தால் அண்ணை அங்கே போய்க் கோழி நூடில்ஸ் பார்சல் கட்டிக்கொண்டு வருவார். அறையின் பின்பக்க யன்னலில் நின்றால் அந்தக் கடையின் குசினி தெரியும். புதுப்பெண், பேச ஒருவரும் இல்லை. அவள் அந்த யன்னலில் நின்றே பொழுதைக் கழித்தாள். கடைச் சமையல்காரர் எதை முதலில் போடுகிறார், எதைக் கடைசியில் போடுகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோனது. அண்ணை அந்தக் காலத்தில் அவளிடம் குரல்கூட உயர்த்தியதில்லையாம். இதை அவள்தான் சொன்னாள். நான் நம்பினேன், ஏனென்றால் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோன அண்ணையை எனக்கும் தெரியும்.

எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. பார்சல் வாங்கப் போன அண்ணை அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. மச்சாளைக் கீழ்வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அகதி முகாமில்தான் இருவரும் மீண்டும் கண்டுகொண்டார்கள். "எங்கை இருந்தனீங்கள்?" என்று அவள் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா அண்ணையைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். அவர் மரம் மாதிரி நின்றார்.

முதல் அடி எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அது அறைக்குள் நடந்திருக்கும். எங்கள் கண் முன்னால் நடந்தது நூடில்ஸ் விஷயத்தில்தான். ஒரு நாள் அண்ணை, "ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை நூடில்ஸ் செய். நீதானே யன்னலாலை பார்த்துக்கொண்டு நிண்டனீ" என்றார். மச்சாளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். ஊருக்கு வந்தபின் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் காரியம் அது. செய்து வைத்தாள். ஒரு வாய் தின்றார். "உது அது இல்லை" என்றார். பீங்கான் சுவரில் போய் மோதியது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஞாயிறு வரும், நூடில்ஸ் வரும், உது அது இல்லை. நல்ல நாளென்றால் பீங்கானோடு போகும். மற்ற நாட்களில் மச்சாளின் கன்னம், முதுகு, தலைமயிர். பிள்ளை இல்லை என்பதற்கும் சேர்த்து அடி விழும். அம்மா விளக்குமாற்றோடு வந்து சுவரடியைக் கூட்டுவாள். "ஆம்பிளை, பட்ட பாடு அப்பிடி. அடுத்த கிழமை கவனமாய்ச் செய் பிள்ளை" என்பாள். எனக்கு அம்மா மேல்தான் கூட ஆத்திரம் வந்தது.

அந்த நூடில்ஸை அவள் செய்த விதத்தைச் சொல்லவேண்டும். தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை. குடாநாட்டுக்குள் சவர்க்காரம்கூட ஒழுங்காக வராது, சோயா சோஸுக்கு எங்கே போவது? கோதுமை மாவில் முட்டை அடித்து இறுக்கமாகக் குழைத்து, இடியப்ப உரலில் போட்டுக் கொதிதண்ணீருக்குள் பிழிவோம். முட்டை மா கல் மாதிரி இருக்கும். ஒருத்தியால் அழுத்த முடியாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சை அடக்கி அழுத்துவோம். பனங்கட்டியைக் கறுக்கக் காய்ச்சி, உப்பும் வினாகிரியும் விட்டால் அது சோயா சோஸ். கோவா இலை, கரட், வெங்காயத்தாள் நூல் மாதிரி அரியவேண்டும். எங்கள் வீட்டுக் குசினி சைவம் என்பதால் மீன், இறைச்சி சமைக்கக் கிணற்றடிப் பக்கம் ஒரு கொட்டில் இருந்தது. தனி அடுப்பு, தனித் தாச்சிச் சட்டி. கோழியை அறுப்பதும் மச்சாள்தான். பெண்சாதியின் உதடு கிழிய அடிக்கிற அண்ணை, கோழியின் இரத்தத்தைப் பார்க்கமாட்டார். கத்தியை எடுத்தால் எழும்பி ரோட்டுக்குப் போய்விடுவார்.

பிறகு நெருப்பு. தேங்காய்ச் சிரட்டையும் பொச்சுமட்டையும் அடுக்கி, தாச்சியின் அடி சிவக்கும்வரை எரிப்பாள். கோழியைப் போட்டால் சீறும். மரக்கறியைப் போட்டு இரண்டு கிளறு, நூடில்ஸைப் போட்டு இரும்புக் கரண்டியால் அடித்து அடித்துப் புரட்டுவாள். கிளறுகிறாளா, யாரையோ அடிக்கிறாளா என்று தெரியாது. முகமெல்லாம் வேர்வை, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். நான் பார்த்த மச்சாளின் கோபம் முழுதும் அந்தத் தாச்சிக்குள்தான் விழுந்தது. சமைத்ததை அவள் தின்றதே இல்லை. தொண்டைக்குள் இறங்காது என்பாள். தாச்சியில் மிஞ்சுவதை நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தின்போம். எங்களுக்கு அது அமிர்தம்.

வானத்தில் பொம்மர் விமானம், வீட்டுக்குள் அண்ணை என்று காலம் போனது. ஒரு ஞாயிறு பொம்மர் வந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் குண்டு போட்டது. நாங்கள் வீட்டு வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்து விழுந்தோம். மண் தலையில் கொட்டுகிறது, அம்மா தேவாரம் முணுமுணுக்கிறாள், அண்ணை அந்த இருட்டுக்குள்ளும் "நூடில்ஸ் ஒட்டிப்போச்சு, வெளியிலை வா, காட்டிறன்" என்று உறுமிக்கொண்டிருக்கிறார். மச்சாள் என் காதுக்குள் சொன்னாள்: "எனக்கு இதுக்குள்ளை இருக்கேக்கைதான் நிம்மதி. அவருக்குக் கை ஓங்க இடமில்லை." மேலே குண்டு போடுகிறான், இவளுக்கு அது ஓய்வு.

அவள் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். கொடிகாமத்தில் தகப்பன் இருந்தார், வீடும் தோட்டமும் இருந்தன. நானே பல தரம் கேட்டேன். "அந்த ருசியை ஒருக்காச் செய்து குடுத்திட்டனெண்டால் ஆள் பழையபடி வந்திடுவார்" என்பாள். இதை அவள் முழுமனதாக நம்பினாள். கடை நூடில்ஸ் தின்ற புருஷன் நல்லவன். அந்த நூடில்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தால் அந்தப் புருஷனும் திரும்பி வருவான். இதற்காகத்தான் ஒவ்வொரு ஞாயிறும் உயிரைப் பணயம் வைத்து அடுப்படிக்குப் போனாள்.

தொண்ணூற்றுநாலில் ஒரு சனிக்கிழமை, உரலை அழுத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "பிள்ளை, நான் ஒண்டை மறந்திட்டன். அந்தச் சமையல்காரர் நெருப்பைத் தாச்சிக்குள்ளை விடுறவர்" என்றாள். அடுத்த நாள் கோழிக் கொழுப்பைத் தனியாக உருக்கி எடுத்தாள். தாச்சி புகையத் தொடங்கியதும் அதை ஊற்றிச் சரித்துப் பிடித்தாள். அடுப்பு நெருப்பு பாய்ந்து தாச்சிக்குள் பற்றியது. கொட்டில் கூரையைத் தொடுகிற அளவுக்குச் சுவாலை. அதற்குள் நூடில்ஸைக் கொட்டி அடித்துப் புரட்டினாள். கருகின கொழுப்பு மணம் வளவு முழுக்கப் பரவியது. வேறு மாதிரி மணம், இதுவரை எங்கள் வீட்டில் வராத மணம். "இதுதான்! இதுதான் பிள்ளை!" என்று சின்னப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கூப்பிடாமலே அண்ணை கொட்டில் வாசலுக்கு வந்தார். மச்சாள் ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். அவர் வாயில் வைத்தார். மென்றார். மச்சாளின் கண் அவர் முகத்தைவிட்டு அசையவில்லை. அடுத்த கணம் அவள் கையிலிருந்த இரும்புக் கரண்டியைப் பறித்து அவளுடைய நெற்றியில் போட்டார். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. விழுந்தவளைக் காலால் உதைத்தார். "இந்த மணந்தான்! அவனைக் கொளுத்தேக்கை இந்த மணந்தான் வந்தது!" என்று கத்திக் கத்தி உதைத்தார்.

அன்றைக்குத்தான், அந்த உதைகளுக்கு நடுவில், எல்லாம் வெளியே வந்தது. கலவரம் வந்த அன்று அந்தக் கடைக்கு அவரோடு கூட வேலை செய்த ஒரு தமிழ்ப் பொடியனும் வந்திருக்கிறான். அவன் வெளியே சைக்கிளோடு நின்றிருக்கிறான். கும்பல் அவனை இழுத்துப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தியது. கடைக்காரர்கள் அண்ணையை மா மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி வாயைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். அடுப்பில் விட்ட தாச்சி கருகிக்கொண்டிருந்தது. உள்ளே கருகியதும் வெளியே கருகியதும் ஒரே மணமாக வந்தது. இத்தனை வருடமாக அவர் தேடிய ருசி, அது வந்தால் கூடவே எது வரும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அண்ணை பாவம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவப்பட்ட மனிதரின் உதை என்று மச்சாளின் விலா எலும்புக்குத் தெரியுமா? கையில் அகப்பட்டது இடியப்ப உரல். அதால் அண்ணையின் முழங்கையில் என் பலம் முழுவதையும் சேர்த்து ஓங்கி அடித்தேன். எலும்பு முறியவில்லை. முறியவேண்டும் என்றுதான் அடித்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் போய் இருந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். அம்மா ஓடிப்போய் அவருடைய முதுகைத் தடவினாள். அவருடைய முதுகை!

மச்சாள் மெதுவாக எழும்பிச் சம்மணம் கட்டி இருந்தாள். தாச்சியை இழுத்து மடிக்கு முன்னால் வைத்தாள். "மச்சாள், கண்ணைத் துடையுங்கோ" என்று நான் அழுதேன். "பொறும், பசிக்குது" என்றாள். கையாலேயே அள்ளி அள்ளித் தின்றாள். ஒருவரையும் பார்க்கவில்லை. தாச்சியை வழித்துத் தின்று முடித்து, கை கழுவி, புருவத்தில் சீலைத் துண்டைக் கட்டினாள். "என்னை ஐயாவிட்டைக் கொண்டுபோய் விடும்" என்றாள். சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு கொடிகாமம்வரை மிதித்தேன். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "சரியான ருசி," என்றாள்.

அதன்பிறகு அண்ணை யாரையும் அடிக்கவில்லை; அடிக்க ஆள் இல்லை. அடுத்த வருடம் ஐப்பசி மழையில், ஆமி முன்னேறி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுதும் எழும்பி ரோட்டுக்கு வந்தது. பின்னால் ஷெல் விழ, நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நெருக்கிக்கொண்டு, குழந்தைகளையும் கிழவர்களையும் மிதித்துவிடாமல் நகர்ந்தோம். அம்மாவைச் சைக்கிளில் இருத்தி அண்ணை தள்ளிக்கொண்டு வந்தார். எங்கே போவது என்று மூன்று பேரும் வாய்விட்டுப் பேசவில்லை. போக ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

கொடிகாமத்தில் அந்த வளவு நிறைய ஏற்கெனவே சனம். மச்சாள் வாசல் படலைக்கு வந்தாள். புருவத்தில் தையல் போட்ட தழும்பு. அம்மாவின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "வாங்கோ மாமி. நீரும் வாரும்" என்று அம்மாவையும் என்னையும் கூப்பிட்டாள். அண்ணையைப் பார்க்கவில்லை. அவர் மழையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"அவனும் நனையிறான் பிள்ளை," என்றாள் அம்மா.

"அந்தக் கை ரண்டையும் வெளியிலை வைச்சிட்டு வரேலுமெண்டால் வரட்டும் மாமி."

சத்தம் போடவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். ரோட்டில் சனம் போய்க்கொண்டே இருந்தது. அண்ணை, "அம்மா, சொல்லுங்கோவன்," என்றார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மச்சாளின் புருவத்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்திலை சனம் தங்கியிருக்காம் ராசா. நீ அங்கை போ," என்றாள்.

படலையில் நான் கை வைக்கவில்லை, மச்சாளும் வைக்கவில்லை. படலையைச் சாத்தியது அம்மாதான்.