மீன் வண்டிக்கு ஒரு சைலன்சர்

நான் வேலை பார்க்கும் வடக்கு அந்தமானில், திக்லிபூர் பஜாரில், மழை விட்டிருந்த ஒரு காலையில், நின்றபடியே உறுமிக்கொண்டிருந்த லாரியின் புகை என் முகத்தில் அடித்தது. வெந்த டீசல், துரு, அதற்கும் அடியில் லேசாகக் கருகிய ரப்பர். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. அந்த வாடையில் மீன் கலந்திராதது எனக்குக் குறையாகப் பட்டது. என் அக்காவின் பிக்கப் வண்டிக்குள் சூரையும் டீசலும் சேர்ந்துதான் மணக்கும்.

அக்கா போர்ட் பிளேரில் மீன் விற்கிறாள். விடியும் முன் ஜங்லிகாட் படகுத்துறையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, டாலிகஞ்ச் வழியாகப் புரோத்ராபூர் வரை சந்து சந்தாகப் போவாள். ஐம்பது தாண்டியவள். ஓட்டுவதும் அவளே, நிறுப்பதும் அவளே. கூவ மாட்டாள், ஹாரன் அடிக்க மாட்டாள். அதற்கெல்லாம் தேவையே இருந்ததில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊர் அது. டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே சைலன்சர் குழாயில் பொத்தல் விழுந்து வருடங்கள் ஆகியிருந்தன. நெஞ்சில் சளி கட்டிய யாரோ விட்டு விட்டுச் சிரிப்பது போல டொபுடொபுவென்று வண்டி வரும். இரண்டு வளைவு தள்ளி அது வரும்போதே பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

போன வருடம் ஈஸ்டர் கழிந்து லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தினமும் நண்பகலில் அக்கா ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவதைப் பார்த்தேன். கேட்டால், வெயில் என்றாள். அது வெயில் இல்லை என்று சொன்னவர் புரோத்ராபூரில் அவளிடம் மீன் வாங்கும் ரிட்டையர்டு நர்ஸ். அன்று நானும் வண்டியில் இருந்தேன்.

“வண்டி எடுக்காத அன்னிக்கு வலிக்குதா?” என்று கேட்டார்.

“எடுக்காத நாள் ஏது டீச்சரம்மா?” நர்ஸை அக்கா அப்படித்தான் அழைப்பாள், மிரட்டிப் பேசுவதால்.

“பெரிய வெள்ளிக்கு நீ வரலையே.”

அக்கா தராசைப் பிடித்தபடி யோசித்தாள். “அன்னைக்கு வலிக்கல. கோயில்ல மூணு மணி நேரம் முட்டிபோட்டுருந்தேன், வலிக்கவேயில்ல. ஆண்டவர் தயவுன்னு நெனச்சேன்.”

“தயவு இருக்கட்டும். உன் சீட்டுக்கு அடியிலதான் புகை கொட்டுது. ஒருநாள் ஸ்டியரிங் மேலயே சாஞ்சிருவ. அப்ப என்கிட்ட வராத, நான் ரிட்டையர்டு.”

திரும்பும் வழியில் அக்கா இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினாள். வீடு வந்ததும், “சத்தம் போச்சுன்னா யாவாரம் போயிரும்லே” என்றாள். சமீபமாக ஒரு புது வண்டி ஸ்பீக்கர் கட்டி அதே சந்துகளில் சுற்றிக்கொண்டிருந்தது. நீயும் ஒன்று கட்டேன் என்றேன். “நான் என்ன பழைய இரும்பா எடுக்கப் போறேன்?”

டாலிகஞ்சில் அவள் வழக்கமாகப் போகும் பட்டறைக்குப் போனோம். வெல்டர் வங்காளி. பாதி இந்தி, பாதி தமிழ். இரண்டு சைலன்சர் இருந்தன அவரிடம். ஒன்று கம்பெனி மாடல், சாதுவானது. இன்னொன்று மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் பைப், கண்ணாடி போல மின்னியது. யாரோ இளைஞன் ஆர்டர் செய்துவிட்டு வாங்காமல் போனதாம்.

“தீதி, ஏக் பாத் போலோ, ஒரே பேச்சு. சத்தம் வேணுமா, வேணாமா?”

“வேணும். ஆனா வேணாம்.”

வெல்டர் என்னைப் பார்த்தார். நான் கவிதை எழுதுகிறவன், எனக்கு அந்தப் பதில் புரிந்தது. அதை அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

போட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று அக்கா நின்றாள். அவளுடைய ஏற்பாடு விசித்திரமானது. நான் முன்கூட்டியே போய், டீ குடிக்கிற சாக்கில் நர்ஸ் வீட்டு அடுக்களையில் உட்கார வேண்டும். அவள் வழக்கமான நேரத்தில் வருவாள். நான் வாய் திறக்கக் கூடாது, நர்ஸ் தானாக எழுந்து வாசலுக்கு வருகிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். “கடையில நின்னு கேட்டா என்ன தெரியும்? மிக்ஸி ஓடுத இடத்துல கேக்கணும்.”

முதல் நாள், கம்பெனி மாடல். நர்ஸ் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் விசிலடித்தது. ஜன்னல் வழியே நான் பார்த்தேன்: வண்டி பூனை போல வந்து நின்றது. அக்கா இறங்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் எனக்கு டீ ஊற்றினார், சர்க்கரை போதுமா என்று கேட்டார். எத்தனை வருடம் வந்த வாசல். கொஞ்ச நேரத்தில் வண்டி, வந்ததைப் போலவே சத்தமில்லாமல் போய்விட்டது.

மறுநாள் ஸ்போர்ட்ஸ் பைப். தெருநாய்கள் முதலில் கேட்டன. தட்டு அலமாரி அதிர்ந்தது. நர்ஸ் எழுந்தார். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவர் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். “டூரிஸ்ட் பசங்க. வாடகைக்கு எடுத்துட்டு வந்து உயிர வாங்குறானுங்க.”

அன்று மீன் பாதிக்கு மேல் மிஞ்சியது. பட்டறையில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, “பழையதையே மாட்டிருங்க. தலவலியோட இருந்துட்டுப் போறேன்” என்றாள். அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஐஸ் பெட்டியைக் கழுவிய தண்ணீர் எங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

வெல்டர் எங்கள் சண்டையில் தலையிடவில்லை. பழைய குழாயை மாட்டி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டொபுடொபு. குனிந்து, ஈரச்சாக்கால் பொத்தலை அழுத்தினார். சத்தம் செத்தது. எடுத்தார், பிறந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி எடுத்தார். எழுந்து கையைத் துடைத்தார்.

“தீதி, சத்தம் தப்பு இல்ல. வர்ற ஜாகா தப்பு. பீச்சே, பின்னாடி கொண்டுபோறேன்.”

சீட்டுக்கு அடியில் பொத்தலே இல்லாத புதுக்குழாய். அதைப் பின்சக்கரத்துக்கும் அப்பால் நீட்டி, கடைசியில் சின்னதாக ஒரு சைலன்சர் பெட்டி. உள்ளே சத்தத்தை அடக்கும் தடுப்புகளில் ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். புகை உள்ளே ஏற வழிவிட்ட, கியர் கம்பியைச் சுற்றிக் கிழிந்திருந்த ரப்பரையும் மாற்றுவார். அன்று முழுக்க நீலத் தீப்பொறி பறந்தது. நான் பார்க்கக் கூடாத அந்த வெளிச்சத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை வரும்போது மனிதன் கண்ணைக்கூடக் கெடுத்துக்கொள்வான் போல.

மறுநாள் அடுக்களையில் மிக்ஸி ஓடியது. தூரத்தில், வளைவுக்கு அப்பால், ஒரு சத்தம். நர்ஸ் மிக்ஸியை நிறுத்தினார். தலையைச் சாய்த்தார். மீண்டும் ஓடவிட்டார். பிறகு, மிக்ஸியை அப்படியே விட்டுவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு சட்டியைத் தேடினார்.

“உங்க அக்காதான். சளி கரைஞ்சு தொண்டை தெளிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா அவதான்.”

எல்லோருக்கும் அப்படித் தெரிந்துவிடவில்லை. கடைசி இரண்டு சந்துகளில் அந்த வாரம் முழுக்க யாரும் வெளியே வரவில்லை. அக்கா வீட்டில் தினமும் மீன் குழம்பு, கருவாட்டுக்கு மாடியில் வேறு காயப்போட்டிருந்தாள்.

நான் திக்லிபூர் திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அவளே கொண்டுவந்து விட்டாள். கிழக்கு வெளுத்திருந்தது. ஜிர்காடாங் கேட்டில், வண்டிகளைச் சேர்த்துக் காட்டுக்குள் அனுப்பும் முதல் கான்வாயைப் பிடிக்க வேண்டிய பஸ், கண்டக்டர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அக்கா ஸ்டியரிங்கில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கதவருகே நின்று கேட்டேன்.

“அந்தக் கடைசிச் சந்துக்காரங்க?”

“நேத்து ஒருத்தி எட்டிப் பாத்தா. நீதானான்னு கேட்டா. நான்தான்னேன். தினமும் போவேன், காது பழகத்தானே செய்யும்.”

“தலை?”

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அங்கே இருக்கிறதா என்று சோதிப்பது போல.

“அப்படி ஒண்ணு இருக்குதுங்கதே இப்ப மறந்து போவுது. பஸ் எடுக்கான் பாரு, ஓடிப் போய் ஏறுலே.”