ஏலத்துக்கு வந்த பச்சை ஸ்கார்ஃப்

என் தோழி ஸ்டெல்லாவுக்குக் கொடைக்கானல் பள்ளிக்கு மாற்றல் வந்தபோது, அங்கே குளிருமே என்று மூன்றே நாளில் ஒரு பச்சை ஸ்கார்ஃப் பின்னிக் கொடுத்தேன். குரோஷா ஊசி பிடித்த விரல் ஒரு வாரம் வலித்தது.

இன்று எங்கள் பாளையங்கோட்டை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவளும் வந்திருந்தாள். காணிக்கையாக வந்த வாழைத்தார், சேவல், பூசணிக்காய் எல்லாம் வரிசையாக ஏலம் போயின.

அடுத்து, ஏலம் விடுகிற அண்ணாச்சி தூக்கிக் காட்டியது என் ஸ்கார்ஃப்.

"ஸ்டெல்லா டீச்சர் தன் கையால பின்னிக் குடுத்திருக்காவ. யாருக்கு வேணும்?"

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. தலை குனிந்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டை வெயிலில் கம்பளி நூலுக்கு யார் கை தூக்குவார்கள்? நான்தான் தூக்கினேன். போட்டிக்கு ஆளே இல்லை.

ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டாள், சண்டையும் போட முடியாது.

வெளியே வந்ததும் என்னிடம் ஓடி வந்தாள்.

"ஏட்டி, நீ எதுக்கு இத எடுத்த? உனக்குத்தான் பின்னத் தெரியுமே."



வேர்க்க வேர்க்க அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? நல்லதாக ஒன்று கீழே கமெண்டில் எழுதுங்கள். அவளும் படிப்பாள்.