எடுத்துக்காட்டு வாக்கியம்

என் வீட்டுக்காரர் ஆங்கிலம்–தமிழ் அகராதிக்குப் பொருள் எழுதுகிறவர். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் பொருள், கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். இருபத்தாறு வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. வீடு பற்றி எரிகிறது என்றாலும் மனிதர் தலை நிமிராமல் "ம்" என்பார்.

அந்த மாதம் அவர் மாட்டிக்கொண்டது 'ப்ரீஆக்குபைட்' என்ற சொல்லிடம்.

"அப்சார்ப்ட், என்க்ரோஸ்ட் எல்லாம் பரவாயில்லம்மா. அது நாமளா ஆசைப்பட்டு மூழ்கிப்போறது. இது வேற. மனசுக்குள்ள யாரோ முன்னாடியே வந்து துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்ச மாதிரி. வேற எதுவும் உள்ள வர முடியாது."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மனதில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருந்தது. மார்பில் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.

கட்டி தட்டுப்பட்ட அன்றே அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி இந்த மனிதரிடம் மூச்சு விடுவதில்லை என்று வீம்பாக இருந்துவிட்டேன். சோதனைக்கும் தனியாகவே போய் வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மேசையைத் துடைக்கும்போது அந்தச் சொல்லின் அட்டை கண்ணில் பட்டது. இரண்டு வாக்கியங்களை எழுதி அடித்திருந்தார். மூன்றாவது இப்படி இருந்தது: "பத்து நாளாக அவள் தேநீரில் சர்க்கரை போட மறக்கிறாள். நாள்காட்டியில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது."

பத்து நாளும் சர்க்கரையில்லாத தேநீரை ஒரு குறையும் சொல்லாமல் குடித்திருக்கிறார். துடைக்கிற துணியாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டேன். திரும்பினால், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே? போலாமா?"

மருத்துவமனையில் நர்ஸ் வந்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். என் கையைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ம்" என்றார். அந்த "ம்" மீது எனக்குக் கோபமே வரவில்லை.

பயப்படும்படியான கட்டி இல்லை என்றார் டாக்டர். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்து, இந்த மனிதரையும் ஒருமுறை கும்பிட்டேன். "என்னம்மா இது, நடுரோட்டுல!" என்று கூச்சப்பட்டார்.

பிறகு அகராதி ஆபீசிலிருந்து போன் வந்தது. ஓர் அட்டை குறைகிறதாம்.

"தொலைஞ்சு போச்சு சார். வேற எழுதித் தர்றேன்" என்றார்.

அது என் பர்சில் இருப்பது அவருக்குத் தெரியும்.